முதலமைச்சர் காப்பீட்டு கார்டு: எங்க அம்மைக்கு யூஸ் பண்ணிப் பாத்ததுல 5க்கு 3.5

மொதல்ல மார்க்க சொல்லிருதேன், 5க்கு 3.5. கட்சிக்காரங்க சண்டைக்கு வந்தா வரட்டும், ஒருத்தர் முழு மார்க் போடும்பாரு இன்னொருத்தர் முட்டை போடும்பாரு, நான் கார்டையும் கையில வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வராண்டால நின்னவன், பாத்தத எழுதுதேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு முழுப் பேரு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், லிஸ்ட்ல இருக்க ட்ரீட்மெண்டுக்கு, லிஸ்ட்ல இருக்க ஆஸ்பத்திரில நம்ம கைக்காசு இல்லாம பாத்துக்கிடலாம், பிரீமியத்த அரசாங்கம் கட்டிரும். ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ மூலமா வாங்குற வருமானச் சான்று இருந்தா போதும். நம்ம திருநெல்வேலி ஜில்லாவுக்கு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல எடுத்துக்கிடலாம், ஆலங்குளம் கடையம் பக்கத்து ஆளுகளுக்கு 2019ல இருந்து தென்காசி ஜில்லாங்கதால அங்க போகணும். நோவு வந்தப்புறம் ஓடலாம்னு இருக்காதீங்க, நல்லா இருக்கும்போதே எடுத்து பீரோல வையுங்க.

இந்த வருமானச் சான்றுலதான் எனக்குச் சிரிப்பு வரும். முன்னாடி வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும், 2022ல இருந்து 1,20,000. அதாவது மாசம் 10,000. டீக்கடை மாஸ்டர் சம்பளமே அதுக்கு மேல வே. ஆக ஊரு பூரா 72,000க்குள்ள ஏழையா இருந்தோம், இப்ப 1,20,000க்குள்ள ஏழையா இருக்கோம். உண்மையா 15,000 சம்பளம்னு எழுதிக் குடுக்கவனுக்கு கார்டு கிடையாது. அவனுக்கு நெஞ்சு வலி வந்தா நகை அடகுக்குப் போவும், வேற என்ன.

சரி, அம்மை கதைக்கு வாரேன். முக்கூடல்காரி, பாவாடை கட்டுன வயசுல இருந்து மடியில தட்ட வச்சி பீடி சுத்துனவ. நெஞ்சுல கனமா இருக்குன்னா, வாயுன்னு நெனச்சி ஓம வாட்டர் குடிச்சிப் பாத்திருக்கா, விடிகாலைல வேர்த்து ஊத்துனப்புறம்தான் எங்களுக்கு போன் வருது. மச்சான் பிடிவாதமா ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டாரு (பேரு வேண்டாம், திருநெல்வேலிலதான் இருக்கு). ஆஞ்சியோ எடுத்தாங்க, ரத்தக்குழாய்ல அடைப்பு, ஸ்டென்ட் (அடைப்ப விரிச்சி வைக்குத சின்ன கம்பி வலைக் குழாய்) வைக்கணும்னாங்க. கார்ட நீட்டுனதும் தனி கவுண்டருக்கு அனுப்புனாங்க, கைரேகை, போட்டோ, ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க, அன்னைக்கு சாயங்காலமே அப்ரூவல் வந்திட்டு. இந்த இடத்துக்கு நான் முழு மார்க் குடுப்பேன், ஒரு கவர்மெண்ட் காரியம் இவ்ளோ சுருக்கா நடந்து நான் பாத்ததில்ல.

அப்புறந்தான் ஒரு ஆளு வந்து என்னைய லிஃப்ட் பக்கத்துல தனியா கூப்புட்டாரு. கார்டுல வாரது சாதா ஸ்டென்ட் சார், அம்மாவுக்கு வயசாச்சுல்லா, ஃபாரின் ஐட்டம் வச்சா நிம்மதி, டிஃபரன்ஸ் மட்டும் கட்டிருங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு. மருந்துக் கம்பெனி பேடுல கிழிச்ச தாளு, பென்சில்ல 45,000ன்னு எழுதி கீழ ரெண்டு கோடு, சீலு இல்ல, கையெழுத்து இல்ல, எதுக்குங்கதே இல்ல. எனக்கு அப்ப நெஞ்சு அடிச்சிக்கிட்டது அம்மைய விட ஜாஸ்தி. ஆனா ஒரு விஷயம் தெரியும், ஸ்டென்ட் வெலைக்கு மத்திய அரசு 2017லயே உச்சவரம்பு போட்டாச்சு, மருந்து தடவுன ஸ்டென்ட்டே அன்னைக்கு 30,000க்குள்ள, அப்புறம் கொஞ்சம் ஏறியும் 40,000ஐத் தாண்டல. முழு ஸ்டென்ட்டே அவ்ளோதான், இவரு டிஃபரன்ஸே 45,000ங்காரு! பில்லா குடுங்க சார் கட்டுதேன்னேன். பில்லுல வராதுன்னாரு. அப்ப 1800 425 3993க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடுதேன்னு கார்டுல இருந்த நம்பர சத்தமா படிச்சேன். டாக்டர்கிட்ட பேசிட்டு வாரேன்னு போனவரு, இது போதும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மான்னு அம்மைகிட்டயே சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த வார்டுல எத்தன பேரு அந்த பென்சில் சீட்டுக்கு கட்டுனாங்களோ. அரை மார்க் இங்க போச்சு.

ஸ்டென்ட் வச்சி கண்ணு முழிச்ச அம்மை கட்டிலச் சுத்தி எங்க வீட்டு சட்டசபை கூடிட்டு. இது கலைஞர் குடுத்ததுன்னு பெரியப்பா, 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்தது நெசந்தான். இல்ல அம்மா குடுத்ததுன்னு அத்தை, 2012 ஜனவரில இப்ப இருக்க பேருல மாத்தி விரிச்சது ஜெயலலிதா, அதுவும் நெசம். 5 லட்சம் ஆனது மோடியாலன்னு அத்தை மவன், 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோட சேத்தாங்க, அதுல வார குடும்பங்களுக்கு பிரீமியத்துல மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40, மத்த குடும்பங்களுக்கு மாநிலமே கட்டணும். மூணு பேரும் அவங்கவங்க தலைவர் படத்த கார்டுல ஒட்டாத கொறதான். நம்ம ஊருல மட்டுமில்ல இந்தக் கூத்து, மேற்கு வங்கத்துல மம்தா 2019ல அந்த ஆயுஷ்மான் திட்டத்துல இருந்து வெளிய போனதுக்குச் சொன்ன காரணத்துல ஒண்ணு, வீட்டுக்கு வீடு மோடி படம் போட்டு லெட்டர் போவுதுங்கதுதான். உண்மையா பாத்தா இதுக்கெல்லாம் முன்னோடி 2007ல ஆந்திராவுல ராஜசேகர ரெட்டி கொண்டு வந்த ஆரோக்கியஸ்ரீ, அவருக்கு எங்க வீட்டுல ஆளு இல்லாததால யாரும் பேசல.

பேரு சண்டைய விடுங்க, அது ஓட்டு சண்டை. நெச சண்டை சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும். சித்தப்பா பீடிச் சங்கத்துல பல காலம் இருந்தவரு. அரசாங்கம் ஆஸ்பத்திரி கட்டணும், டாக்டர் போடணும், தனியாருக்கு பில் கட்டுதது அதோட வேல இல்லங்காரு. 1946லயே ஜோசப் போர் (Bhore) தலைமைல இருந்த கமிட்டி, காசில்லங்கதுக்காக ஒருத்தனுக்கும் வைத்தியம் கிடைக்காமப் போகக் கூடாதுன்னு எழுதிட்டு லேன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. முக்கூடல்ல பீடித் தொழிலாளிகளுக்குன்னு மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்குல்லா, அத நடத்துன நலநிதிக்கு பீடிக்கு போட்ட செஸ்ஸுங்கத தனி வரில இருந்துதான் பணம், 1976ல சட்டம் வந்தது, 2017ல ஜிஎஸ்டி வந்ததும் செஸ்ஸு போயிட்டு. எங்க பீடில இருந்து எடுத்து எங்களுக்கே செஞ்சத நிறுத்திப்புட்டு இப்ப இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பிரீமியம் கட்டுதாங்கன்னு அவருக்குப் பொங்கிட்டு வரும்.

மச்சான் டவுன்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு, அவரு கணக்கு வேற. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நடத்துனா கவர்மெண்ட் பஸ் மாதிரிதான் நடத்தும், பணத்த குடுத்துட்டு எங்க போறதுன்னு ஆளுககிட்ட விட்டுரணும்ங்காரு. ஆனா அவருக்கே கார்டு கிடையாது, வருமானம் தாண்டிட்டு. சொந்தக் காசுல பாலிசி எடுத்து அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற கட்டுனாரு, 2025 செப்டம்பர்லதான் அத எடுத்தாங்க. என் வரில உங்க அம்மைக்கு ஸ்டென்ட், எனக்கு யாரு லே வைப்பான்னு அவரு கேட்டப்ப அம்மை படுத்த வாக்குலயே, ஒனக்கும் வச்சா வேண்டாம்னா சொல்லுதேன்னா. 2024ல மத்திய அரசு 70 வயசு ஆனா வருமானம் பாக்காம எல்லாருக்கும்னு அறிவிச்சதக் கேட்டு மச்சான், அதுக்கு நான் இன்னும் முப்பது வருஷம் சீக்கில்லாம கெடக்கணுமேங்காரு. எனக்கு இதுல மச்சான் பக்கம்தான் நியாயம் படுது. ஏழைக்கு மட்டும்னு கோடு போட்டா கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பொய் சொல்ல வேண்டியிருக்கு, ரேஷன் அரிசிய நம்ம ஊருல எல்லாருக்கும் குடுக்கலயா, அந்த மாதிரி குடுத்துட்டுப் போவட்டும்.

கார்டோட பெரிய ஓட்டை என்னன்னா மாத்திரை. பெரும்பாலும் படுக்க வச்சி செய்யிற வைத்தியத்துக்குத்தான் கார்டு. டிஸ்சார்ஜ் ஆகி வந்து நாலு நாள் போனா, ரத்தம் உறையாம இருக்க, கொழுப்புக்கு, பிரஷருக்கு, சுகருக்குன்னு மாசா மாசம் வாங்கணும், ஸ்டென்ட் வச்சவ மாத்திரைய விட்டா வச்சது வீணு. இதுக்கு எங்களுக்கு கார்டுல ஒத்த ரூவா வரல, காய்ச்சல் தலவலிக்கு ஓபி பாக்கவும் தராது. ஜனங்க வீட்டுல காசு கரையிறது முக்காவாசி இப்படித்தான். நாடு பூரா மருத்துவச் செலவுல கைக்காசு 2021-22 கணக்குப்படியே 39.4 சதவீதம். 2013-14ல 64.2ஆ இருந்ததுக்கு கொறைஞ்சிருக்கு, அது வரைக்கும் சந்தோசம்.

மாத்திரைக்கு நாங்க கடைசில போய் நின்ன எடம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. 1965ல வந்த மெடிக்கல் காலேஜ், சித்தப்பா சொன்ன அதே ஆஸ்பத்திரி கட்டுற அரசியல்ல வந்தது. வரிசைல நிக்கணும்தான், ஆனா மாத்திரை ஓசி. 1994ல மருந்து வாங்கதுக்குன்னே தனி கார்ப்பரேஷன் வச்சி மொத்தமா டெண்டர் விட்டு வாங்குத ஏற்பாட்ட கலைஞர் வந்தும் மாத்தல அம்மா வந்தும் மாத்தல, இதுக்கு யாரும் கட்டவுட் வைக்கவும் இல்ல. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் சுகர் மாத்திரைய அம்மைக்கு வீட்டுக்கே வந்து குடுக்காங்க, அந்தப் பிள்ளைகிட்ட அம்மை ஊர்க்கதை பூரா பேசித் தீத்துருவா.

இன்னொண்ணு சொல்லணும், நெறைய பேருக்குத் தெரியாது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலயும் கார்டு கேப்பாங்க. ஓசி ஆஸ்பத்திரில எதுக்கு கார்டுன்னு பயந்து இல்லன்னு சொல்லிராதீங்க. நம்ம ஆபரேஷனுக்கு கிளைம் போட்டா அந்தப் பணம் அந்த ஆஸ்பத்திரி கணக்குக்கே வரும், மெஷின் வாங்க, மராமத்து பாக்க ஆகும், ஒரு பங்கு அங்க வேல பாக்கவங்களுக்கு ஊக்கத்தொகையா போவும். சித்தப்பா கேக்குத ஆஸ்பத்திரி, மச்சான் கேக்குத கார்டு, ரெண்டும் ஒரே கட்டில்ல சேருத எடம் இதுதான். இத சித்தப்பாகிட்ட சொன்னேன், அப்பவும் நடுவுல இன்சூரன்ஸ் கம்பெனி எதுக்கு லேன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல, அதான் இன்னொரு மார்க்கும் கொறச்சிட்டேன்.

எடுக்கலாமான்னு கேட்டா, கண்டிப்பா எடுங்க. ஏற்கெனவே இருந்தா வீட்டுல எல்லாரு பேரும் அதுல இருக்கான்னு பாருங்க, புதுசா கட்டி வந்த மருமக பேரு, பொறந்த பிள்ளை பேரு விட்டுப் போயிருக்கும், ரேஷன் கார்டுல ஏத்துன கையோட இதுலயும் ஏத்திருங்க. ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதும், எங்க ட்ரீட்மெண்ட் லிஸ்ட்ல இருக்கா, அப்ரூவலுக்கு முன்னாடி எடுக்க டெஸ்ட்டுக்கு யாரு கட்டணும்னு அந்த கவுண்டர்லயே கேட்டுக்கிடுங்க. யாராவது லிஃப்ட் பக்கம் கூப்பிட்டா பில்லு கேளுங்க.