கோயம்பேடா, டெக்கரேஷன்காரரா?

சென்னையில் கல்யாணப் பூவை டெக்கரேஷன்காரரிடம் மொத்தமாக விட்டால் மேடை, தோரணம், மாலை எல்லாம் அவர் பாடு. ஆனால் மாலையில் என்ன பூ என்று முன்பே எழுதி வாங்க வேண்டும். என் தங்கை கல்யாணத்தில் ரோஜா மாலை கேட்டோம். வந்தது பாதி அரளி!

கோயம்பேடு பூ மார்க்கெட்டில் நாமே வாங்கினால் உதிரி மல்லியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். மொட்டு இறுக்கமாக இருந்தால் சாயங்காலம் வரை தாங்கும். காலையிலேயே வாய் திறந்திருந்தால் வேண்டாம். அப்புறம், கட்டுவதற்கு ஆள் பிடிக்க வேண்டும், அதுதான் பாடு. தை முகூர்த்தத்தில் பனியால் வரத்து குறைந்து விலை எகிறும். அதில் இரண்டு வழியும் ஒன்றுதான்.

நானாக இருந்தால் மேடை அவருக்கு, தலைக்கு வைக்கும் மல்லி மட்டும் கோயம்பேட்டில்.