ஆய்வகம் மாற்றப் போகிறீர்களா? மாற்றித் தரும் கம்பெனி கொடுக்கும் வெப்பநிலை ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்

போன மாதம் சென்னை தரமணியிலிருந்து சிறுசேரிக்கு எங்கள் ஆய்வகத்தை மாற்றினோம். ஓ.எம்.ஆரில் நேராகப் போனால் ஒரு மணி நேரம். ஏழு வருஷமாக இங்கே நிர்வாகத்தைப் பார்ப்பவள் நான். ஆய்வகம் மாற்றுவதற்கென்றே இருப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரை எழுதவில்லை.

கொட்டேஷனில் இருந்தது இதுதான்: ஜெனரேட்டர் வைத்த வண்டியில், ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரீசருக்குள் எங்கள் திசு மாதிரிகள் வரும். புது இடத்தில் முந்தின நாளே இன்னொரு ஃப்ரீசர் மைனஸ் 80 டிகிரி செல்சியஸுக்கு இறங்கித் தயாராக இருக்கும். 70 சதவீதம் அட்வான்ஸ் கேட்டார்கள், கொடுத்தோம்.

வந்தது தார்ப்பாய் போட்ட சாதாரண லாரி. கூட வந்தவர்கள் வீடு காலி செய்து கொடுக்கும் ஆட்கள். "ஃப்ரிட்ஜ் ஏத்தணும்னுதான் மேடம் சொன்னாங்க" என்றார் ஒரு அண்ணன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. அங்கேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். பழைய கட்டடத்தில் அன்று மாலையோடு கரண்ட் போகிறது என்பதால் ஒத்துக்கொண்டேன். அது என் தப்பு.

தெர்மகோல் பெட்டிகளில் மாதிரிகளை அடுக்கினோம். அவர்கள் கொண்டுவந்த டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு) பாதிப் பெட்டிகளுக்குக்கூடப் போதவில்லை. காலை 10.40-க்குப் பெட்டிகளை மூடினோம். லாரி வழியில் வேறொருவர் சாமானை இறக்கிவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வந்து சேர்ந்தது. மாற்று ஃப்ரீசர் வரவே இல்லை. பக்கத்து ஆய்வகத்தில் கெஞ்சி இடம் வாங்கி மாதிரிகளை உள்ளே வைக்கும்போது இரவு எட்டு மணி.

எங்கள் ஃப்ரீசரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். படுக்கவைத்தால் கம்ப்ரெஸர் எண்ணெய் குளிர்வாயுக் குழாய்களுக்குள் ஓடிவிடும். நிமிர்த்திவைத்து ஒரு நாளாவது அசைக்காமல் விட்ட பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். நான் பெட்டிகளோடு அலைந்த நேரத்தில், இறக்கிய கையோடு அவர்களே போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் கம்ப்ரெஸர் போய்விட்டது.

ஆய்வகம் மாற்றிய மறுநாளே மெயிலில் அவர்களுடைய டேட்டா லாகர் (வெப்பநிலையைத் தானாகப் பதிவுசெய்யும் சின்னக் கருவி) ரிப்போர்ட் வந்திருந்தது. காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை மைனஸ் 80, கோடு துளிகூட அசையவில்லை. பெட்டிகளை மூடியதே 10.40-க்கு. அதைவிட, டிரை ஐஸின் வெப்பநிலையே மைனஸ் 78.5. அதை மட்டும் நம்பியிருக்கிற பெட்டிக்குள் மைனஸ் 80 வர வழியே கிடையாது. உட்கார்ந்து வரைந்த ரிப்போர்ட் அது.

எங்கள் லாகர் ஒன்றையும் ஒரு பெட்டியில் போட்டிருந்தேன். 2012-இல் அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில், ஹார்வர்டு மூளை வங்கியின் ஃப்ரீசர் ஒன்று பழுதானது. வெளியே திரையில் மைனஸ் 79, உள்ளே பிளஸ் 7. அலாரமும் அடிக்கவில்லை. ஏறக்குறைய 150 மூளைகள் கெட்டுப்போயின. அதைப் படித்ததிலிருந்து அடுத்தவர் காட்டும் எண்ணை மட்டும் நம்புவதில்லை. எங்கள் லாகரில் மாலை ஏழு மணிக்கு இருந்தது மைனஸ் 19.

பயோசேஃப்டி கேபினட்டிலும், அதாவது கிருமி வெளியே வராதபடி காற்றை வடிகட்டும் வேலைப் பெட்டியிலும், இதே கதை. இடம் மாறினால் காற்று வேகம், கிருமிகளைப் பிடித்து நிறுத்தும் ஹெப்பா ஃபில்டரின் கசிவு, புகை விட்டுப் பார்க்கும் காற்றோட்டம் மூன்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். இவர்கள் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிவிட்டுப் போனார்கள். வேறு ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தால் ஃபில்டர் ஓரத்தில் கசிவு. கிருமிகளோடு வேலை செய்கிற பிள்ளைகள் அதன் முன்னால் உட்காருகிறார்கள் என்பதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்சூரன்ஸைக் கேட்டால், இயந்திரத்துக்கு மட்டும்தானாம். மாதிரிகளுக்கு மதிப்பு எழுதித் தரவில்லையே என்கிறார்கள். எழுதித் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. மாதிரிகளுக்கும் இன்சூரன்ஸ் உண்டு என்று நீங்கள் தனியாக எழுதி வாங்குங்கள். வேலையை வேறு ஆளிடம் கைமாற்றக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். வண்டியை முந்தின நாளே நேரில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உங்கள் லாகரைப் போடுங்கள், ஒன்று போதாது.

அந்தப் பெட்டிகளில் இருந்தவை எங்கள் ஆராய்ச்சி மாணவி நான்கு வருஷம் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து சேர்த்த நோயாளிகளின் திசுக்கள். கொடுத்தவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. 412 குழாய்கள். தினம் பத்துப் பத்தாக எடுத்து திசுவில் இருக்கிற, குளிர் குறைந்தால் கெட்டுவிடும் ஆர்.என்.ஏ என்ற மூலக்கூறு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று வரை பார்த்த 60-இல் 23 தேறவில்லை.