தானாகக் கழன்றுகொள்ளும் பேக்கப் டிஸ்க்: எஃப்எஸ்டேப் வரி போதுமா, ஆட்டோமவுண்ட் வேண்டுமா?

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் எடைச்சீட்டு ராப்பகலாக ஏறிக்கொண்டிருக்கும். அதை பேக்கப் எடுக்கும் லினக்ஸ் பெட்டியில் யூஎஸ்பி டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் அன்மவுண்ட் ஆனால், அதாவது தன் ஃபோல்டரிலிருந்து கழன்றுகொண்டால், யாருக்கும் உடனே தெரியாது. டிஸ்க் போனாலும் வெறும் ஃபோல்டர் அங்கேயே இருக்கும். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் அதற்குள் எழுதித் தள்ளும், மெயின் டிஸ்க் நிரம்பும்.

இதற்கு இரண்டு வழிகள்: எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு சாதாரண வரி, அல்லது தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் செய்யும் ஆட்டோமவுண்ட். வழியைத் தேர்வதற்கு முன், சிஸ்டத்தின் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லைத் திறந்து, அன்மவுண்ட் ஆன நேரத்தைப் பாருங்கள். ‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்ற வரி முதலில் இருந்தால் கோளாறு கரண்டிலோ கேபிளிலோதான். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் பெட்டி யூபிஎஸ்ஸில் ஓடும், 3.5 இன்ச் டிஸ்கின் 12 வோல்ட் அடாப்டர் மட்டும் சுவர் பிளக்கில் தொங்கும். அதையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். அடாப்டர் இல்லாத 2.5 இன்ச் டிஸ்க் என்றால், யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. சுழலத் தொடங்கும்போது அது பத்தாமல் போகலாம். தனி அடாப்டர் உள்ள ஹப் போடுங்கள். இதை எந்த மவுண்ட் ஆப்ஷனும் சரிசெய்யாது.

டிஸ்கனெக்ட் வரியே இல்லாமல், மவுண்ட் செய்த அடுத்த நொடியே, லினக்ஸில் மவுண்ட்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி கழற்றிவிடுகிறதா? டிஸ்க்கை மாற்றி, எஃப்எஸ்டேப்பில் யூயூஐடியை (டிஸ்க்கின் மாறாத அடையாள எண்) திருத்திவிட்டு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுக்க மறந்திருப்பீர்கள். சிஸ்டம்டி இன்னும் பழைய டிஸ்க்கையே தேடுகிறது.

இனி ஒப்பீடு. சாதாரண எஃப்எஸ்டேப் வரி எளிது, பூட் ஆனதும் டிஸ்க் தயார். ஆனால் ‘நோஃபெயில்’ சேர்க்காவிட்டால், டிஸ்க் இல்லாத நாளில் பெட்டி 90 விநாடி காத்திருந்து, பூட் முடியாமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். இடையில் அறுந்த டிஸ்க் திரும்பி வந்தாலும் தானாக மவுண்ட் ஆகும் என்று நம்பி இருக்க முடியாது. யூயூஐடிக்குப் பதில், லினக்ஸ் வரிசைப்படி வைக்கும் எஸ்டிபி1 என்ற பெயரை எழுதியிருந்தால் இன்னும் மோசம்: திரும்பி வரும் டிஸ்க் பெரும்பாலும் எஸ்டிசி ஆகிவிடும். யூயூஐடியே எழுதுங்கள்.

அதே வரியில் ‘நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்’ என்று இடைவெளி விடாமல் சேர்த்தால், ஃபோல்டரை யாராவது தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும். டிஸ்க் திரும்பி வந்திருந்தால் அடுத்த பேக்கப்பே அதை எழுப்பிக்கொள்ளும். டிஸ்க் இல்லையென்றால் எரர் வரும். வெறும் ஃபோல்டரில் எழுத வழியில்லை. ஆலைக்கு இது ஒன்றே போதும், நான் இதைத்தான் போடச் சொல்வேன். ஐடில்-டைம்அவுட் மட்டும் வைக்காதீர்கள். வைத்தால் சும்மா இருக்கும் நேரத்தில் அதுவே அன்மவுண்ட் செய்யும், நீங்கள் மறுபடி கேபிளைச் சந்தேகிப்பீர்கள்.

நாள் முழுக்க டிஸ்கில் எழுதும் சிசிடிவி பதிவுப் பெட்டிக்கு, எல்லாமே யூபிஎஸ்ஸில் இருந்தால், சாதாரண வரி போதும். அங்கே டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் ஃபோல்டருக்கு ‘சாட்டர் +ஐ’ போடுங்கள். மவுண்ட் ஆகாத நேரத்தில் ரூட்டாலும் அதில் எழுத முடியாது.