750க்கு மேலே ஒரு கார்டு, 680க்குக் கீழே ஒரு கார்டு

குமுளியில் ஜீப் ஓட்டும் என் மச்சான் போன மாதம் போனை நீட்டினார். காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அது. போனில் இரண்டு விளம்பரங்கள். ஒன்று, விமான நிலைய லவுஞ்சும் கேஷ்பேக்கும் தரும் கிரெடிட் கார்டு. மற்றொன்று, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் ஸ்கோர் எப்படி இருந்தாலும் சரி, வைப்புத்தொகை போட்டால் போதும் என்ற கார்டு. "இதுல எது மாப்ள நமக்கு?" என்றார்.

நல்ல ஸ்கோர் உள்ளவர் பிரைம், குறைந்த ஸ்கோர் உள்ளவர் சப்பிரைம் என்ற பிரிவு அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே ஸ்கோர் 300 முதல் 850 வரை. 660 முதல் பிரைம், 620க்குக் கீழே சப்பிரைம் என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வகுக்கிறது. நம் ஊரில் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் தரும் ஸ்கோர் 300 முதல் 900 வரை. 731 முதல் பிரைம், 680 வரை சப்பிரைம். வங்கிகள் பொதுவாக 750ஐ எதிர்பார்க்கின்றன. மச்சானின் ஸ்கோர் 652. இரண்டு வருடம் முன்பு முதுகுவலியில் படுத்தபோது வண்டித் தவணை மூன்று மாதம் தவறியது. அப்புறம் முழுக்கக் கட்டிவிட்டார், ஆனால் தவறியது சிபில் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்கோர் குறைந்தால் வட்டி ஏறும், கட்டணமும் ஏறும். 300 டாலர் லிமிட் கொடுத்துவிட்டு, ஆண்டுக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று அதில் பெரும்பகுதியை முதல் நாளே எடுத்துக்கொண்ட கார்டுகள் அங்கே இருந்தன. 2009இல் வந்த சட்டம் முதல் வருடக் கட்டணத்தை லிமிட்டில் 25 சதவீதத்துக்குள் நிறுத்தியது. அப்போதும் 300 டாலரில் 75 டாலர் போகலாம். இல்லாதவனிடமே அதிகம் பிடுங்கும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டில் கதை வேறு. வட்டி பெரும்பாலும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், மாதம் 3.5 சதவீதம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. ஸ்கோர் நன்றாக இருந்தால் கார்டு கிடைக்கும், பெரிய லிமிட் கிடைக்கும், சலுகைகள் கிடைக்கும். குறைந்தால் பெரும்பாலும் கதவே திறக்காது. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டு கடனுக்கு வங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தைக் கூட்டும் விதத்தில் விதியை இறுக்கியதும் வங்கிகள் இன்னும் ஜாக்கிரதையானார்கள்.

சரி, நல்ல ஸ்கோர் கார்டு என்றால் கவலையில்லையா? முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கு அது 45, 50 நாள் வரை வட்டியில்லாக் கைமாற்று. இதைவிட நல்ல கடன் இந்த மலைப்பக்கம் யாரும் தரமாட்டார்கள். ஆனால் மினிமம் டியூ, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகை, மட்டும் கட்டினால், பிரைம் ஆளும் அதே குழியில்தான் விழுவார். 20,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 700, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126, ஆக 826. புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. இனி நம் கைதான் நமக்குக் காவல்.

வைப்புத்தொகைக் கார்டுக்குச் சம்பளச் சீட்டு வேண்டாம். காய் எடுக்கும் மாதங்களில் மட்டும் கையில் காசு புரளும் நம் ஆட்களுக்கு இதுவே பெரிய விஷயம். 20,000 ரூபாய் எஃப்டி, அதாவது நிலை வைப்பு, போட்டால், வங்கி 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 16,000 லிமிட். எஃப்டிக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும், நம்மால் எடுக்க மட்டும் முடியாது. கட்டத் தவறினால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், தவறியதும் ரிப்போர்ட்டில் ஏறும். லவுஞ்ச், கேஷ்பேக் எல்லாம் சொற்பம். ஆனால் ஒழுங்காகக் கட்டும் ஒவ்வொரு மாதமும் சிபிலுக்குப் போகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் போனால் ஸ்கோர் மெல்ல எழும். வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கார்டின் விவரத்தைச் சிபிலுக்கு அனுப்புகிறீர்களா? இல்லை என்றால் பாதிப் பலன் போச்சு.

இன்னொன்றும் நடந்தது. முதல் கார்டு கிடைக்குமோ என்ற ஆசையில் மச்சான் ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் விண்ணப்பித்திருந்தார். மூன்றும் தள்ளுபடி. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் விசாரணையாகப் பதிவாகும், ஸ்கோர் இன்னும் இறங்கும். முதலில் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கலாம். சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

650க்குச் சுற்றி நிற்பவருக்கு என் தேர்வு எஃப்டி கார்டுதான், சந்தேகமே இல்லை. "ஐந்து நிமிடத்தில் கடன்" என்று வரும் ஆப்களை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

மச்சான் சீட்டு எடுத்த பணத்தில் 20,000 போட்டுவிட்டார். ஸ்கோருக்கு நல்லது என்று, லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க மாதம் 4,800 என்று எல்லை வைத்திருக்கிறோம். வாரத்தில் ஒருநாள் டீசல் மட்டும் அதில். முதல் ஸ்டேட்மெண்ட் 3,900 வந்தது, வந்த அன்றே கட்டிவிட்டார்.