கல்யாணமா, கேட்டலாக்கா: திருப்பூர்ப் பக்கம் கேமராவை வைத்துச் சம்பாதிக்க எது தோது?

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் கேமராவை நம்பித் தொழிலில் இறங்குகிறவருக்கு இன்றைக்கு உருப்படியாகக் காசு பார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கல்யாண ஆர்டர். இன்னொன்று பனியன் கம்பெனிகளுக்கும் ஆன்லைனில் துணி விற்பவர்களுக்கும் அவர்கள் விற்கும் துணிகளைப் படம் எடுத்துக் கொடுக்கும் கேட்டலாக் வேலை. பாஸ்போர்ட் சைஸ் படக் கடையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அங்கேயே உட்காரவைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள், மிஞ்சியிருக்கும் பள்ளிக்கூட ஐடி கார்டு வேலையை வைத்துக் கடை வாடகை கட்டலாம், அவ்வளவுதான்.

கல்யாணத்தில் பெரிய தொகை பேசுகிறோம், அதனால் பெரிய லாபம் என்று தோன்றும். ஒரு லட்சத்துக்குப் பேசிய ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். கேண்டிட் போட்டோ, அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பது, நீங்கள், நிற்கவைத்து எடுக்கும் ட்ரெடிஷனல் போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு இரண்டு பேர், லைட் பிடிக்க ஒரு பையன். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம் என்று எல்லோருக்கும் இரண்டு நாள் சம்பளம். அப்புறம் ஆல்பம் டிசைன், பிரிண்ட், வீடியோ எடிட்டிங். எல்லாம் போகக் கையில் முப்பதாயிரம் நின்றால் அது நன்றாக நடந்த ஆர்டர். அந்த முப்பதாயிரத்துக்காக எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்று பார்த்தால்தான் நிஜ சம்பளம் தெரியும்: படம் பிரிப்பது, கலர் பார்ப்பது, பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் தனித்தனியாக லிங்க் அனுப்புவது, 'அத்தை படம் ஒன்றுகூட இல்லையே' என்ற போனுக்குப் பதில் சொல்வது எல்லாமே அதில்தான் வருகிறது.

பாக்கிதான் பெரிய தலைவலி. ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்யச் சொன்னால் சில வீடுகளில் தலைப் பிரசவமே முடிந்துவிடுகிறது, அதுவரை உங்கள் பணமும் அங்கேயே தூங்கும். அதனால் ஆல்பம் கொடுக்கும்போது வரவேண்டியது பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாது என்பது என் கட்சி. தாலி கட்டி முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் அப்பாவோ சித்தப்பாவோ மண்டபத்து ஆபீஸ் அறையில் பையோடு உட்கார்ந்திருப்பார். சமையல்காரர், மேளக்காரர், டெக்கரேஷன்காரர் எல்லோரும் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் நீங்களும் நிற்க வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாங்க' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டால் அந்த அப்புறம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கேட்டலாக் வேலையில் தொகை சின்னது, பீஸ் கணக்கு. பீஸுக்கு நூறு ரூபாய், நாளைக்கு அறுபது பீஸ் என்று போட்டால் ஆறாயிரம். அதில் துணிக்கு ஸ்டீம் போடும் பையனின் சம்பளமும் எடிட்டிங் கூலியும் போகும். கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் அதே கம்பெனி அடுத்த மாதம் புது டிசைனோடு மறுபடி வரும். கல்யாணத்தில் மாப்பிள்ளை திரும்பி வர மாட்டார், அவர் தங்கைக்கு வரன் அமைந்தால்தான் உண்டு. கூடவே, கல்யாணத்தில் ஒரு மெமரி கார்டு போய்விட்டால் தாலி கட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது, இரண்டு கார்டு போடும் கேமரா இல்லாமல் மண்டபத்துக்குள் காலே வைக்கக் கூடாது. டி-ஷர்ட்டை நாளைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இது சும்மா வெள்ளைத் துணி கட்டி எடுக்கும் வேலை என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வாரமே ஓடிவிடுகிறார்கள். அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீத இடத்தை அடைக்க வேண்டும். பொம்மைக்குச் சட்டை மாட்டி, தொளதொளவென்று இருப்பதை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்து, இரண்டு தோளும் சமமா என்று பார்த்து, ஒட்டியிருக்கும் நூலை ரோலரால் எடுத்து, பிறகு கழுத்தின் உள்பக்கம் லேபிளோடு தனியாக ஒன்று எடுத்து, எடிட்டிங்கில் பொம்மையை நீக்கி இரண்டையும் ஒட்ட வேண்டும். எம், எல், எக்ஸெல் என்று ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில் வர வேண்டும் என்பதால் ட்ரைபாட் கால் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுவார்கள், காலையில் ஒட்டியதைச் சாயங்காலம் வரை யாரும் தொடக் கூடாது. இதெல்லாம்கூடப் பழகிவிடும். கலர்தான் ஆளைக் கொல்லும். மலிவான எல்இடியில் மெரூன் சிவப்பாகத் தெரியும், நேவி கறுப்பாகிவிடும். வாங்கியவர் 'படத்தில் பார்த்த கலர் இல்லை' என்று திருப்பி அனுப்புவார், கம்பெனிக்காரர் போனை உங்களுக்குத்தான் போடுவார். முதலில் கிடைக்கும் காசில் புது லென்ஸ் வாங்காமல் சிஆர்ஐ (லைட் கலரை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 95-க்கு மேல் உள்ள நல்ல லைட்டும் படத்தில் கலரைச் சரிசெய்ய உதவும் ஒரு கிரே கார்டும் வாங்குவது புத்திசாலித்தனம்.

வரி விஷயத்தில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், போட்டோகிராபிக்கு 18 சதவீதம். பனியன் கம்பெனிக்கு அந்த 18 பெரும்பாலும் பாரமில்லை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். பெண்ணின் அப்பா எதில் கழிப்பார்? ஒன்று அவர் கூடுதலாகத் தர வேண்டும், இல்லை உங்கள் லாபத்திலிருந்து போக வேண்டும். அதனால் கல்யாணத்தை மட்டும் வைத்து 20 லட்சத்தைத் தாண்டுகிறவர் விலையை முன்கூட்டியே திருத்திக்கொள்வது நல்லது.

கடன் இழுக்கும் பழக்கம் கம்பெனிகளிடமும் உண்டு, அதுவும் 'எக்ஸ்போர்ட் பேமெண்ட் வரட்டும்' என்பது இந்த ஊரின் தேசிய கீதம். இங்கே ஒரு பிடி இருக்கிறது. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம், செய்துவைத்துக்கொள்ளுங்கள். சிறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரியில் கழிக்க முடியும் என்று 2024 ஏப்ரலில் இருந்து விதி வந்துவிட்டது. பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்தாலே மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டர் நமக்காகப் பேசுவார்.

கேட்டலாக்கில் எனக்கு இருக்கும் ஒரே பயம் ஏஐ. துணியைத் தரையில் விரித்து எடுத்த படத்தைக் கொடுத்தால் மாடல் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி படம் வந்துவிடுகிறது, விலை குறைந்த சரக்குக்கு அதுவே போதும் என்று சிலர் இப்போதே நகர்ந்துவிட்டார்கள். துணியின் நெசவும் அசல் கலரும் தெரிய வேண்டிய ஆர்டர்கள் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் பீஸ் ரேட் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். ஏஐ தாலி கட்டும் இடத்துக்கு வராது, அந்த வகையில் கல்யாணக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

சரி, எதை எடுப்பது? புதியவராக இருந்தால் கேட்டலாக்கில் தொடங்கி, முகூர்த்த நாட்களில் மட்டும் பெரிய ஸ்டூடியோவுக்குக் கேண்டிட் எடுக்க நாள் சம்பளத்துக்குப் போங்கள். அந்தச் சம்பளத்தில் பாக்கித் தொல்லை குறைவு, ஆல்பம் தொல்லை அறவே இல்லை. சொந்த ஆர்டருக்கு அவசரப்பட வேண்டாம். ஏற்கெனவே கல்யாணம் எடுப்பவருக்குக் கேட்டலாக் அருமையாக ஒத்துப்போகும், ஏனென்றால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும் ஆடியில்தான் தீபாவளிச் சரக்குக்குப் படம் எடுக்கும் அவசரம் தொடங்குகிறது. மார்கழியில் அந்த வசதி அவ்வளவு இல்லை. ஆனி கடைசியிலேயே நான்கைந்து கம்பெனிகளில் போய்ப் பேசிவிடுங்கள். 'பத்து பீஸ் சாம்பிளுக்கு எடுத்துக் காட்டுங்க தம்பி, பார்க்கலாம்' என்பார்கள். எடுத்துக் கொடுங்கள், ஆனால் அந்தப் பத்துக்கும் பில் போடுங்கள். அதைத் தர யோசிக்கிறவர் அறுநூறு பீஸுக்கும் அப்படித்தான் யோசிப்பார்.