“மலைநாட்டுக் காதுக்கு ஒன்றும் ஆகாது” என்று சொல்லும் சுழியோடல் கடைகளை நம்ப வேண்டாம்

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நுவரெலியாவிலிருந்து நானும் என் மைத்துனரும் சக ஆசிரியர்கள் இருவரும் திருகோணமலைக்குப் போயிருந்தோம். நிலாவெளியில் ஸ்கூபா சுழியோடலுக்கு ஆளுக்கு 18,000 ரூபாய் கட்டினோம். திரும்பி வரும்போது என் வலது செவிப்பறையில் ஓட்டை இருந்தது. கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கிழக்கில் கடல் அமைதியாகும் மே மாதத்திலிருந்து மலையை விட்டு இறங்குகிறவர்கள், எந்தக் கடைக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு அந்த வாரம் தடிமன். நுவரெலியாவின் ஓகஸ்ட் மாதத் தடிமனைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடையில் இருந்தவரிடம் அதை நான் மறைக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, “சேர், மலையில இருந்துதானே வாறீங்க? ஏறி இறங்கி உங்களுக்குக் காது அடைக்கிறதெல்லாம் பழகியிருக்கும்” என்றார். பிறகு ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்கப் படிவமொன்றை ஈர மேசையில் வைத்து, சைனஸ், காது நோய், சத்திரசிகிச்சை என்று வரிசையாக இருந்த கேள்விகள் அனைத்துக்கும் ‘இல்லை’ என்ற கட்டங்களின் ஊடாக மேலிருந்து கீழாக ஒரே கோட்டை இழுத்துவிட்டு, ஒப்பமிட மட்டும் பேனையை என்னிடம் நீட்டினார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நானே அதை வாசிக்காமல் ஒப்பமிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ‘மலைப் பழக்கம்’ என்ற பேச்சில்தான் ஏமாற்று முழுவதும் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வரும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கடலுக்குள் இரண்டே மீற்றர் இறங்கினால், ஓர் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டினால், அதே அளவு அழுத்த வேறுபாடு சில விநாடிகளில் காதுக்கு வந்துவிடும். பத்து மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரு மடங்காகும். மேலும், மலை ஏறும்போது நடுச்செவிக்குள் இருக்கும் காற்று விரிந்து, பாடசாலையில் ஊத்தேக்கியாவின் குழாய் என்று படித்தோமே, அந்தக் குழாய் வழியாகத் தொண்டைப் பக்கம் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். நீரில் இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கச் சுருங்கச் செவிப்பறை உட்பக்கமாக இழுபடும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதியோ எச்சிலை விழுங்கியோ நாமேதான் காற்றை உள்ளே அனுப்ப வேண்டும். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போதும் இப்படித்தான் நடக்கிறது என்றாலும், அங்கே கொட்டாவி விடுவதற்கு நூறு வளைவுகள் இருக்கின்றன. தடிமன் பிடித்தவருக்கோ அந்தக் குழாயே வீங்கி அடைபட்டிருக்கும்.

ஆழமற்ற இடத்தில் முதலில் பயிற்சி தருவதாகவும் இரண்டு பயிற்றுநர்கள் வருவதாகவும் சொன்னார்கள். பயிற்சி நடக்கவில்லை, வந்தவரும் ஒருவர்தான். காதைச் சமப்படுத்துவதை வலி தொடங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு மீற்றருக்குள்ளும் ஓரிரு தடவை செய்துகொண்டே இறங்க வேண்டும். அவரோ “வலிச்சா ஊதுங்க” என்பதோடு பாடத்தை முடித்துவிட்டார். உள்ளங்கையை விரித்து இருபுறமும் ஆட்டிவிட்டுக் காதைச் சுட்டிக்காட்டுவதுதான் ‘காதில் பிரச்சினை’ என்பதற்கான சைகை என்று நான் பின்னர்தான் அறிந்தேன்.

நான்கு மீற்றர் இருக்கும், வலது காதில் ஊசி ஏற்றியதைப் போல வலித்தது. காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னை ஒரு மீற்றராவது மேலே கூட்டிப் போயிருக்க வேண்டும். மாறாக, தன் மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு, என் அங்கியின் பட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தார். நான் பலம்கொண்ட மட்டும் ஊதினேன். டப்பென்று ஒரு சத்தம். வலி அந்தக் கணமே குறைந்து, காதுக்குள் குளிர்ந்த நீர் பாய்வது தெரிந்தது. பிறகு எது மேல், எது கீழ் என்று தெரியாதபடி உலகம் சுற்றியது. நங்கூரக் கயிற்றை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். கிழிந்த செவிப்பறை வழியே போகும் குளிர்நீர் உட்செவியின் சமநிலை உறுப்பைக் குழப்புவதால்தான் இப்படிச் சுற்றுகிறது. நீர் உடல் சூட்டுக்கு வந்ததும் அது அடங்கிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் பதறி வேகமாக மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

படகில் துவாயில் இரத்தம் பட்டதைக் கண்ட பிறகும் அவர், லேபல் இல்லாத போத்தல் ஒன்றிலிருந்து ஸ்பிரிட்டும் வினாகிரியும் கலந்த சொட்டு மருந்தைக் காதில் விட்டார். நான் கத்தியது கரை வரைக்கும் கேட்டிருக்கும். செவிப்பறை முழுமையாக இருப்பவர்கள் நீந்திய பின் காதை உலர்த்த விடுவது அது. ஓட்டை விழுந்த காதுக்கு ஆகவே ஆகாது.

பதினொரு மணிக்கு முன் கரையேறி ஒரு மணிக்கு வான் வண்டியில் ஊருக்குப் புறப்பட்டோம். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கடையில் எவரும் கேட்கவில்லை. ஆழத்தில் உடலில் கரைந்த வாயு, அழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழிகளாகிவிடக்கூடும் என்பதால், ஒருமுறை சுழியோடியவர் விமானத்தில் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை சுழியோடியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது சுழியோடல் மருத்துவத்தின் பரிந்துரை. பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய மலைநாட்டின் காற்றழுத்தத்தைப் போன்றதே என்பதால் அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். இரண்டு தடவை சுழியோடிய என் மைத்துனர் அன்றிரவு எட்டரை மணிக்கே நுவரெலியாவில் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகாதது எங்கள் நல்ல காலம்.

இறம்பொடை வளைவுகளில் என் இடது காது வழக்கம்போல் அடைத்துத் திறந்தது. வலது காது அடைக்கவே இல்லை. ஓட்டை வழியே காற்று தாராளமாகப் போய்வந்தது என்று மறுநாள் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. காதில் நீர் படக்கூடாது, சொட்டு மருந்து விடக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது என்றார். சிறிய ஓட்டைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாக மூடிக்கொள்ளும் என்றும் சொன்னார். தலைசுற்று நிற்காமல் தொடர்ந்தாலோ, காதில் இரைச்சலோடு கேட்கும் திறன் குறைந்தாலோ, அது பலமாக ஊதியதில் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்ததாக இருக்கலாம் என்பதால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். கடைக்காரர் எனக்குச் சொன்னது, பனடோல் போட்டு மூன்று நாள் பொறுங்கள் என்பது.

என் காது மூட ஏழு வாரம் ஆனது. அதுவரை வகுப்பில் வலப்பக்க வரிசையிலிருந்து பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் திரும்பி நின்றே பதில் சொன்னேன். வைத்தியச் செலவைக் கேட்டுக் கடைக்கு மூன்று தடவை செய்தி அனுப்பினேன். முதலிரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு, என் ஒப்பம் உள்ள படிவத்தின் படத்தை, அந்த ஒற்றைக் கோட்டோடு அனுப்பிவிட்டு, அடுத்த பருவத்தில் வந்தால் பாதி விலைக்குக் கூட்டிப் போவதாக எழுதியிருந்தார்கள்.