ஓணான் படமும் வந்து சேர்ந்த ஆட்களும்: ஐநேச்சுரலிஸ்ட் பற்றி ஒரு சூழலியல் மாணவி

செடி, பூச்சியைப் படம் பிடித்துப் போட்டால் பெயர் சொல்லும் செயலி என்றுதான் ஐநேச்சுரலிஸ்டைப் பலரும் அறிமுகப்படுத்துவார்கள். அந்த வேலையை அது சுமாராகத்தான் செய்கிறது. ஆனால் சூழலியல் படித்துக்கொண்டு, வனஉயிர்ப் பாதுகாப்பில் ஒருவரையும் தெரியாமல் இருக்கிற மாணவருக்கு அதில் இன்னொரு பயன் இருக்கிறது. எந்த உயிரினத்தைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்று அதில் கண்டுபிடிக்கலாம். நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

நான் படிப்பது தூத்துக்குடி மாவட்டத்தில், எம்.எஸ்சி. எங்கள் துறையில் மீன், நுண்ணுயிர், நீர் மாசு என்று ஆய்வகத்துக்குள் வேலை பார்ப்பவர்களே அதிகம். தேரிக்காட்டில், அதாவது இங்குள்ள செம்மணல் மேட்டுக் காட்டில், ஓணான் பார்க்கப் போகிறேன் என்றதும், "செய்யலாம்மா, ஆனா யாரு கைடு பண்ணுவாங்க?" என்றார் பேராசிரியர். நியாயமான கேள்விதான். வெளியில் கேட்கலாம் என்று கண்ணில் பட்ட நிறுவனங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றிரண்டு இடங்களிலிருந்து 'தற்போது வாய்ப்பில்லை' என்று வந்தது, மற்றவை அப்படியே கிடக்கின்றன. வீட்டிலோ, "ஓணானுக்கு ஒரு படிப்பா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று முதுகலை மாணவர்கள் செய்த படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. 2023இலிருந்து தனி லாபநோக்கற்ற அமைப்பாக இயங்குகிறது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது.

நான் முதலில் ஏற்றியது விசிறித்தொண்டை ஓணான். ஆண் ஓணான் தொண்டைத் தோலை விசிறி போல விரித்துவிட்டு மடக்கும். வெயில் ஏறும் நேரத்தில் சிறு கல்லிலோ மண்மேட்டிலோ ஏறி நின்று இதைச் செய்யும்போது பார்க்க வேண்டும், அவ்வளவு கர்வம்! படத்தைப் போட்டதும் செயலியின் கணினி ஒரு இனப் பெயரைச் சொன்னது, நானும் அதையே கொடுத்தேன். மறுநாள் ஒருவர் வந்து அதை 'சிட்டானா' என்று பேரின (நெருங்கிய இனங்களின் தொகுதி) அளவுக்கு இறக்கிவிட்டு, கீழே காரணமும் எழுதியிருந்தார். விசிறி வயிற்றில் எதுவரை நீள்கிறது என்று தெரிய வேண்டும், பக்கவாட்டுப் படம் வேண்டும், பெண் ஓணானாக இருந்தால் படத்தை மட்டும் வைத்து இனம் சொல்வது சிரமம். பின்காலில் நான்கு விரல்தான் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். 2016இல் தென்தமிழகக் கரையோரத்திலிருந்து சிட்டானா மருதம்நெய்தல் என்ற புது இனத்தை விவரித்திருக்கிறார்கள், அந்தக் கட்டுரையைப் படி என்றும் சொல்லியிருந்தார். ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் கிடைக்காத வழிகாட்டல் நாலு வரியில் வந்துவிட்டது.

பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை விட, பெயரைக் குறைத்துவிட்டு ஏன் என்று எழுதுகிறவர்களைத்தான் தேட வேண்டும். அதற்கு வழி எளிது. இனத்தின் பக்கத்தையோ பேரினத்தின் பக்கத்தையோ திறந்தால், அதை அதிகம் அடையாளம் காண்பவர்கள் யார் என்று பார்க்கலாம். இடத்தைத் தமிழ்நாடு என்று வடிகட்டினால் பட்டியல் சின்னதாகிவிடும். அப்புறம் அவர்கள் மற்றவர்களின் படங்களுக்கு எழுதிய குறிப்புகளைப் படிக்க வேண்டும். யார் சும்மா சம்மதம் போடுகிறார், யார் செதில் வரிசை வரை பார்க்கிறார் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும். சிலர் தங்கள் பக்கத்தில் எந்த நிறுவனம், என்ன ஆய்வு என்று எழுதியிருப்பார்கள். பலர் வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள். பட்டம் இல்லாத அந்த ஆட்களைத் தவறவிடாதீர்கள். அவரவர் ஊர்ச் சிலந்தியையும் புல்லையும் அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

தனிச்செய்தி அனுப்பும்போது கேள்வி ஒன்றோடு போக வேண்டும். "சார், புராஜெக்ட் இருக்கா?" என்பதற்கு அங்கேயும் பதில் வராது. சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்திலும் அதை வெட்டித் திறந்த இடத்திலும் இந்த ஓணான் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறதா, செயலியில் இருக்கிற பதிவுகளை வைத்து இதைச் சொல்ல முடியுமா என்று, 'சிட்டானா' எனத் திருத்தியவரிடம் கேட்டேன். முடியாது என்று தெளிவாக வந்தது பதில். ஆட்கள் சாலையோரத்தில்தான் நடக்கிறார்கள், அழகான ஆணைத்தான் படமெடுக்கிறார்கள், தேடியும் கிடைக்காத இடத்தை யாரும் பதிவதில்லை. ஆகவே நீயே நேர்கோட்டுப் பாதைகளைக் குறித்து நடந்து எண்ணு. ஒரே தூரம், ஒரே நேரம். ஓணான் கண்ணில் படாத கோட்டுக்கும் பூஜ்யம் எழுது. என் ஆய்வின் முறையியல் பகுதி இந்தப் பதிலிலிருந்துதான் பிறந்தது.

இந்த இடத்தில் பறவைக்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை. அவர்களுக்கு இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளம் இருக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தோம், பார்த்த எல்லாவற்றையும் எழுதினோமா என்று அது கேட்பதால், இல்லாததையும் கணக்கில் கொள்ளலாம். 30,000க்கும் மேற்பட்டவர்கள் இட்ட 3 கோடிப் பதிவுகளை வைத்து 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையையே கொண்டுவர முடிந்தது அதனால்தான். பறவை ஆய்வுக்குத் துணை தேடுகிறவர் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நாலு பேரோடு நடந்துவிட்டு வருவது நல்லது. நேரில் பழகக் கிடைக்கும். ஓணான், தும்பி, செடி என்று போகிறவர்களுக்குத்தான் ஐநேச்சுரலிஸ்ட்.

குறைகள் இல்லாமல் இல்லை. கணினி சொல்லும் பெயர் தன்னம்பிக்கையோடு வரும், நம்பிவிடத் தோன்றும். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் 'ரிசர்ச் கிரேட்' (ஆய்வுக்கு ஏற்ற தரம்) முத்திரை விழுந்துவிடுகிறது. நண்பர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் சொன்னாலும் விழும். அழிவபாயத்தில் இருக்கும் இனங்களின் இடத்தை அது தானாகவே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சதுரத்துக்குள் மறைத்துவிடும். நட்சத்திர ஆமையைப் பிடித்து விற்கிற நாட்டில் அது தேவைதான், ஆனால் அந்தப் புள்ளிகளை வைத்து வரைபடம் போட நினைக்கிற மாணவர் ஏமாந்துபோவார். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. பதில் சொல்ல வேண்டிய கடமையும் யாருக்கும் கிடையாது, வாரக்கணக்கில் மௌனம் இருக்கலாம். வனத்துறை அனுமதி, பயணச் செலவு, புள்ளியியல் இதற்கெல்லாம் செயலி கைகொடுக்காது. பிடித்து அளக்கிற ஆய்வு என்றால் முதலில் துறைத் தலைவரோடு உட்கார்ந்து அனுமதிக் கடிதத்தைப் பேசுங்கள்.

எனக்கு என்ன கிடைத்தது என்றால், அந்த அடையாளக்காரர் வேறு மாநிலத்தில் இதே பேரினத்தில் ஆய்வு செய்கிற ஒரு அக்காவிடம் அறிமுகப்படுத்தினார். அவர் தன் தரவுத்தாளை அப்படியே அனுப்பி, வெப்பநிலையைக் குறிக்க அதில் ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள் என்றார். பெங்களூரில் 2010இல் தொடங்கிய மாணவர் பாதுகாப்பு அறிவியல் மாநாட்டுக்கு, ஆய்வைச் சுருக்கிச் சொல்லும் சுவரொட்டி அனுப்பிப் பார் என்றும் சொன்னார். "போகும்போது உன் கேள்வியை ரெண்டே வரியில சொல்லத் தெரிஞ்சிருக்கணும்" என்று கண்டிப்பு வேறு. அதைத்தான் இப்போது பேருந்தில் முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. கணக்குத் தொடங்கினதும் செயலியின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் போய், படங்களையும் பதிவுகளையும் மற்றவர்கள் பயன்படுத்துவதற்கான உரிமத்தைப் பார்த்துவிடுங்கள். எல்லா உரிமையும் எனக்கே என்று வைத்தால் உங்கள் பதிவு ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்குப் போகாது, ஆய்வாளர்கள் கண்ணில் படுவதும் குறையும். 'வணிகமற்ற பயன்பாட்டுக்கு, பெயர் குறிப்பிட்டு' என்பது போதும். வீட்டு மொட்டைமாடியில் எடுத்த படங்களுக்கு மட்டும் இடத்தை மறைத்துவிடுங்கள், குறிப்பாகப் பெண்கள்.